பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்

புதுச்சேரியில் எல்லா வீட்டுச் சமையலறை அலமாரியும் விரலைத் தொட்டு ரத்தச் சர்க்கரையைப் பார்த்த பிறகுதான் சர்க்கரை கொடுக்கும். கஸ்பாருக்கு ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காது. அவர் மனைவி பிலோமினாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன்.

மகள் கல்யாணத்துக்காக கஸ்பார் வீட்டிலேயே பத்து பாட்டில் பீர் தயாரித்திருந்தார். மூடும் முன் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால்தான், ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். இல்லாவிட்டால் நுரையே வராது.

"கொட்டிடலாம், பிலோ" என்றார் கஸ்பார்.

பத்தாம் நாள் காலை பிலோமினா கணவர் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தார்.

"பத்து ஸ்பூன் இருக்கு. போதுமா?"

"இத்தனை நாளா காப்பி எப்படிக் குடிச்ச?"

"கசப்பாத்தான். அதனால செத்தா போயிட்டேன்? பாட்டில எடுங்க."

கஸ்பார் ஒரு துகளும் சிந்தாமல் அளந்து போட்டு மூடினார்.

இரண்டு வாரம் கழித்து, கல்யாண விருந்தில் முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றியபோது கிளாஸின் விளிம்புவரை வெள்ளையாகப் பொங்கியது. மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம், மாமா" என்றான்.

"பீர்தான் நான் போட்டது, மாப்பிள்ளை" என்றார் கஸ்பார். "நுரை உங்க அத்தையோடது."