ரியாத்திலிருந்து மணிலா

மணிலாவின் கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்துகிறது. அம்மாவின் சவப்பெட்டியைக் கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் தள்ளிவிட்டு, நெஸ்டோர் கைப்பேசியில் தங்கை பெர்லிடா வரும் விமானத்தைத் தேடுகிறான். ரியாத்திலிருந்து ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். திரை வரைபடத்தில் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் இன்னும் வங்கக் கடலின் மேல்தான் ஊர்கிறது. "சாயங்காலம் வந்துடுவாடா, பெத்தவ முகத்தையாவது பார்க்கட்டும்," என்று பாசிங் சித்தி அவன் சட்டையைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். "ஆறு வருஷமா பீத்துணி அலசினது நான், சித்தி. கடைசி மூச்சுலயும் அம்மா 'பெர்லிடா, பெர்லிடா'ன்னுதான் கூப்பிட்டா." கொத்தனார் கரண்டியோடு தயங்கி நிற்கிறார். சட்டியில் சிமெண்ட் இறுகத் தொடங்குகிறது. "அடைச்சுடுங்க," என்கிறான் நெஸ்டோர். செங்கல் ஏற ஏறப் பெட்டி மறைகிறது. அதைப் படம்பிடித்து, இறங்கியதும் முதலில் அவள் கண்ணில் படும்படி தங்கைக்கு அனுப்புகிறான்.