அணையாத புள்ளி

ஊழியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மேப்பில் காட்டும் செயலியைச் செய்த நான், அதை நிறுத்த ஒரு பட்டன் வைக்க மறந்துவிட்டேன். வேலை முடிந்தபின் யாரையும் பின்தொடரக் கூடாது என்று ஆப் ஸ்டோர்க்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

பட்டனை வைத்தேன். அது வேலை செய்வதை வீடியோவில் காட்டினால்தான் அனுமதி. சோதிக்க வேறு ஆளில்லாததால் என்னையே ஊழியனாகச் சேர்த்துக்கொண்டேன். மாலையில் போனில் பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, லேப்டாப்பில் மேப்பைப் பார்த்தேன். என் புள்ளி மறையவில்லை. ஆபீஸில் என் நாற்காலியிலேயே இருந்தது. போனோ என் சட்டைப்பையில் இருந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேனாம்."

"பொறுப்பான ஆளுய்யா நீ! நாளைக்கு அப்ரூவல் வரலேன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான், பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

ஊழியருக்குச் செய்தி அனுப்பும் வசதியும் செயலியில் உண்டு. லேப்டாப்பிலிருந்தே அந்தப் புள்ளிக்கு அனுப்பினேன்: "யாருப்பா அது? வேலைதான் முடிஞ்சுதே, வீட்டுக்குப் போகலையா?"

சட்டைப்பையில் போன் சத்தமே போடவில்லை. பதில் மட்டும் வந்தது.

"அங்க பேச யாருமில்லையே. அதான் இங்கயே இருந்துட்டேன்."