சாட்சிக்கு ஒரு வாய்

"வாயைத் திற. அக்கா பாக்கட்டும்," என்றார் என் கணவர்.

சமையலறை ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், வாயைத் திறந்தேன்.

நாத்தனார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்கு ஈறெல்லாம் வீங்கி, பல் தேய்த்தாலே இரத்தம். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன. சர்க்கரை வேறு. மறுநாள் காலை பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். ஊசி என்றால் பயம். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று வந்திருந்தார்.

தம்பி சும்மா இருப்பாரா?

வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு தேனீப் பெட்டிகளே கதி என்று ஆனவர் அவர். தேனீக்கள் கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பிசினைச் சுரண்டி, சாராயத்தில் ஊறவைத்து, கிராம்பும் சாமந்திப்பூவும் சேர்த்து, வடிகட்டிச் சின்னப் புட்டிகளில் அடைப்பார். ஈறு வீக்கத்துக்கு இதைவிடக் கைகண்ட மருந்து கிடையாது என்று மனதார நம்பினார். ஏமாற்றுகிற ஆள் இல்லை.

அந்த நம்பிக்கைக்கு ஒரே சாட்சி என் வாய்தான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து காட்டியாகிவிட்டது.

"இவளுக்கு எவ்வளவு ரத்தம் வரும் தெரியுமா? இப்ப பாரு, ரோஜாப்பூ மாதிரி."

"ஏம்மா, நிஜமாவே இந்தச் சொட்டு மருந்துலதான் சரியாச்சா?" நாத்தனார் என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பொய் சொல்ல வரும் எனக்கு.

சொட்டு போட்டால் எரிச்சல் அடங்கும், அது உண்மை. ஆனால் ஈறு ஆறியது, தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு நான் போய்வரும் பல் மருத்துவமனையில். பற்களில் கல்லாய்ப் படிந்திருந்த காரையை அங்கேதான் சுரண்டி எடுத்தார்கள். வீட்டில் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் என் ஈறைப் பார்த்துவிட்டார். வேலை போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். எப்படிச் சொல்வேன்?

"அப்புறம் எதுக்கு டாக்டர்? வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று நாத்தனார் பைக்குள் கைவிட்டு, நேரம் குறித்துக் கொடுத்த சீட்டைத் தேடினார். ஊசியிலிருந்து தப்பித்த நிம்மதி அவர் குரலிலேயே தெரிந்தது.

அந்த இரண்டு பற்களும் விழுந்தால் பாவம் என் தலையில்தான். தம்பியின் மருந்தை நம்பி அல்ல, என் வாயை நம்பித்தான் போகாமல் இருக்கப் போகிறார்.

"நானே சொல்லிடறேன் அண்ணி."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதே மருத்துவமனை. என் போனிலிருந்து அழைத்தேன்.

வரவேற்பில் இருக்கும் பெண் உடனே எடுத்துவிட்டாள். "சொல்லுங்க மேடம். இந்தத் தடவை க்ளீனிங்குக்கு என்னிக்கு வரீங்க?"

சமையலறை முழுக்கக் கேட்டது.

நாத்தனார் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "காலைல ஒரு எட்டு போயிட்டே வந்துடறேன்," என்றார்.

என் கணவர் கையிலிருந்த புட்டியின் மூடியைத் திருகினார். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

ஸ்பீக்கரில் விரல் தவறிப் பட்டுவிட்டது என்று பிறகு அவரிடம் சொன்னேன்.

அதையும் நம்பினார்.