வாயில் கொஞ்சம் தேன்

“அம்மா, அந்தக் காலத்துச் சைனாவில எல்லார் வீட்டு அடுப்புக்கு மேலேயும் ஒரு சாமி படம் இருக்குமாம்,” என்று ஸ்கூல் ப்ராஜெக்ட்டைப் படித்துக் காட்டினாள் அனகா. “வீட்டில நடக்கிறதையெல்லாம் அது பார்த்துண்டே இருக்கும். வருஷக் கடைசியில மேலே போய் வானத்து ராஜாகிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிடும்.”

சுஷ்மா அடுப்பைத் தணித்தாள். “ஐயோ, அப்புறம்?”

“அது கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டில இருக்கறவா அதோட வாயில தேனைத் தடவிடுவாளாம். அப்போ நல்லதை மட்டும்தான் சொல்லுமாம்.”

மறுநாள் காலை பாத்திரம் தேய்த்து முடித்த மாதேவியின் கையில், சுஷ்மா ஒரு டப்பா தேங்காய் பர்ஃபியைத் திணித்தாள். மாதேவிக்கு அடுத்த வேலை மாடியில், ஹவுஸ் ஓனர் வீட்டில். ‘சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்’ என்று கேட்டில் போர்டு மாட்டி, மூன்று முறை விசாரித்த பிறகே கீழ் வீட்டை இவர்களுக்கு வாடகைக்கு விட்டவர்கள். சரஸ்வதிபுரத்தில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது.

“மாதேவி, நீ தேய்ச்ச அந்தத் தவா... அனகா அப்பாவை டாக்டர் தினம் முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கார். மேலே போய் எதுவும் சொல்லிடாதே, ஆய்தா, சரியா?”

மாதேவி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

“நான் ஏனுங்கக்கா சொல்றேன்? மேல் வீட்டம்மாவும் போன வாரம் இப்படித்தான் ஒரு டப்பா லட்டு குடுத்தாங்க. அங்கயும் தினம் ஆம்லெட்டுதானுங்க. கீழ் வீட்டுல மட்டும் சொல்லிராதேன்னு கெஞ்சினாங்க, பாவம்.”