ஞாயிற்றுக்கிழமைப் படம்

மகளின் நிக்காஹ்வுக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. சீர்த்தட்டோடு கோரிப்பாளையத்துச் சம்பந்தி வீட்டுக்கு வந்த ஜெயினம்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடம் நிறைய ஆட்கள். டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் வேறு பெயரில் அவள் கதாநாயகியாக நடித்த படம்.

சினிமாக்காரி என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் முறிந்துவிடும்.

"இப்படி வாங்க சம்பந்தி" என்று பக்கத்தில் இடம் காட்டினாள் மாப்பிள்ளையின் தாய் சைனப். அவள் படத்தைப் பார்க்கவில்லை, ஜெயினம்புவையே பார்த்தாள்.

"இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கேனே" என்று டி.வி.யைக் காட்டினார் மாப்பிள்ளையின் பெரியத்தா, அவன் தகப்பனாரின் அண்ணன்.

"தியேட்டர்லயே குடியிருந்த ஆளுல்ல நீங்க!" என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது.

"அட, அடுத்தாப்புல கூட்டமா ஆடுற பாட்டு. ஒவ்வொரு மூஞ்சியாக் கிட்டக்கக் காமிப்பான், பாருங்க" என்றார் பெரியத்தா.

ஜெயினம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சைனப் எழுந்து உள்ளே போனாள். யாரைக் கூட்டிவரப் போகிறாளோ?

பட்டென்று டி.வி. அணைந்தது. விளக்கும் போனது.

"கரண்டு போச்சே!"

எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இருட்டில் ஒரு கை ஜெயினம்புவின் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனது. சைனப்தான். மறு கையில் கழற்றிய பீங்கான் ஃபியூஸ்.

"மறைச்சதுக்கு மன்னிச்சிருங்க சம்பந்தி. எம் மகளை மட்டும்..."

"மெதுவாப் பேசுங்க." சைனப் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அந்தப் பாட்டுல ஒங்களுக்குப் பின்னால ஆடுற எட்டுப் பேருல மூணாவது ஆளு நான்தான்."