சுதாகர் சார் படம்

“என்னைக் கேக்காம என் படத்தை எப்படி மாட்டினீங்க?” எதிர் குவார்ட்டர்ஸ் சுதாகர் வாசலிலேயே கத்தினார்.

படுத்த படுக்கையான கணவர் பார்க்கட்டும் என்று, பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் சுதாகர் தன் பெயரோடு போட்டிருந்த கடல் ஓவியத்தைத் திலகவதி பிரிண்ட் எடுத்து மாட்டியிருந்தாள். பதறிப்போய்க் கழற்றினாள்.

“மன்னிச்சுக்குங்க சார். வரைய ரொம்ப நாளாச்சுங்களா?”

“நான் எங்க வரைஞ்சேன்? வெளிநாட்டு மியூசியம் ஒண்ணு, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நெட்டுல போட்டிருக்கு. தேடிப் பிடிச்சு டவுன்லோடு பண்ணது நான்தானே!”

திலகவதி படத்தை மறுபடியும் ஆணியில் மாட்டினாள். கணவர் முகம் மலர்ந்தது. பிறகு அவள் ஒரு தட்டில் பலாச்சுளை கொண்டுவந்தாள்.

“சாப்பிடுங்க சார். காடாம்புலியூர்ல தெரிஞ்சவங்க சும்மா குடுத்தனுப்பினது. மரம் அவங்களுது. சுளை எடுத்தது மட்டுந்தான் நான்.”