காலிப் பக்கம்

விமான நிலையக் குடியேற்றப் பிரிவில் என் கவுன்ட்டருக்கு வந்த ஐரோப்பியரின் பாஸ்போர்ட்டில் சீல் விழாத பக்கமே இல்லை. ஒரு பக்கமாவது காலியாக இருந்தால்தான் நாட்டுக்குள் விடுவோம், அதுதான் விதி. அவர் சிரித்தபடி ஒரு பழைய சீலைத் தொட்டு, "இதன் மேலேயே குத்துங்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான்" என்றார்.

மேலதிகாரி அருள்தாஸ் பின்னாலிருந்து குனிந்தார். "வெள்ளைக்காரன்மா தமயந்தி, குத்தி அனுப்பு. உனக்கு வேலையே இன்னும் நிரந்தரமாகல, ஞாபகமிருக்கா?"

போன வருஷம் இந்த ஐரோப்பியரின் நாட்டைச் சுற்றிப்பார்க்க விசா கேட்டிருந்தேன். என் பாஸ்போர்ட் முழுக்கக் காலி, எங்கேயும் போய்வந்தவளில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

"என் சீல்ல என் நம்பர் இருக்கு சார். அதை இதுல குத்தமாட்டேன். உங்க சீலை எடுத்து நீங்களே குத்துங்க."

அருள்தாஸ் தன் சீல் இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தார். நான் பாஸ்போர்ட்டை மூடி அருள்தாஸின் கையில் வைத்தேன்.